சம்பளத்தை விடாமல் ஒரு சங்கச் சமையலறை: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் பொறியாளர், ஆசிரியை, வங்கி ஊழியர். இங்கே கிடங்கில் இரவு வேலை, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு, கடையில் கல்லா. இரண்டு மூன்று ஆண்டு இப்படிப் போன பிறகு, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலோ கோயில் அன்னதான வரிசையிலோ அந்தப் பேச்சு வரும்: "நாலு பேர் சேர்ந்து நாமே ஏதாவது தொடங்கினால் என்ன?" பத்தில் ஏழு தடவை பேச்சு சமையலில்தான் வந்து நிற்கும். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் சாப்பாட்டுக்கு ஆள் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

அப்படித் தொடங்குகிற கூட்டு முயற்சிகளில் சாம்பார் சரியில்லாமல் மூடியவை குறைவு. யாருடைய உழைப்புக்கு எவ்வளவு, விலகுகிறவருக்கு எப்போது பணம் என்ற இரண்டையும் எழுதி வைக்காமல் மூடியவைதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் சமையலைவிடத் தாளும் கணக்கும் கூடுதலாக வரும். சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் உணவு விதிகள் சில இடங்களில் மாறும்.

முதலில் விசாத் தாளை எடுங்கள்

குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் கணவனுக்கு ஒரு நிபந்தனை, மனைவிக்கு இன்னொன்று என்பது சாதாரணம்.

ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இருப்பவர் தன் ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, கொடுத்த வேலையைச் செய்யலாம். சில நிபந்தனைகளோடு வாரம் 20 மணி நேரம் வரை கூடுதல் வேலையும் பார்க்கலாம். சொந்தத் தொழில் இந்த அனுமதியில் வராது. பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களும் இதே வகைதான். மாணவர் விசாவில் சொந்தத் தொழிலுக்கு அடியோடு தடை. "சும்மா வாட்ஸ்அப்பில்தானே ஆர்டர் எடுக்கிறோம்" என்பதும் தொழில்தான். அதே ஸ்கில்ட் வொர்க்கரின் துணைவராக வந்தவர் வேலையும் பார்க்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். இங்கே படிப்பை முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவிலும் சொந்தத் தொழில் செய்யலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் இந்தத் தடைகள் இல்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் எந்த வேலையிலும் இறங்கக் கூடாது.

சங்கத்தில் பங்கு வாங்கி உறுப்பினராக ஓட்டுப் போடுவது ஒன்று, இயக்குநராக உட்கார்ந்து தொழிலை நடத்துவது வேறொன்று. கட்டுப்பாடுள்ள விசாவில் இருப்பவர் இரண்டாவதைச் செய்வதற்கு முன் ஒரு சொலிசிட்டரையோ, குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் (ஐ.ஏ.ஏ., 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி.) பதிவு பெற்ற ஆலோசகரையோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்த அண்ணன் சொன்னார் என்பது உள்துறை அலுவலகத்தில் எடுபடாது.

வீட்டுக் கணக்கு

தொழில் மாற ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் நம்மவர்கள் இரண்டு வரியை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் காசு. அது வாடகையைப் போலவே நிற்காத செலவு. இன்னொன்று, விசா புதுப்பிக்கும்போது கட்டும் மருத்துவக் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழ் 776 பவுண்டு. விலக்கு இல்லாத ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகளோடு மூன்று ஆண்டுக்குப் புதுப்பித்தால் இந்தக் கட்டணம் மட்டும் 10,866 பவுண்டு. விண்ணப்பக் கட்டணம் அதற்கு மேல். ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கு இது இல்லை. அடுத்த 18 மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மிஞ்சுவதை மட்டும் சேமிப்பு என்று எண்ணுங்கள்.

வேலையை விட வேண்டாம், ஒரு நாளைக் குறையுங்கள்

2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கும் உரிமை இருக்கிறது. 12 மாதத்தில் இரண்டு தடவை கேட்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுக்கலாம், ஆனால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டித்தான். ஐந்து நாளை நான்காக்கி, வெள்ளிக்கிழமையைச் சமையலுக்கு ஒதுக்குவது வேலையை உதறிவிட்டு இறங்குவதைவிட எவ்வளவோ மேல். ஸ்பான்சர் விசாவில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், நேரம் குறைந்து சம்பளம் விசாவுக்கான அளவுக்குக் கீழே போய்விடக்கூடும். ஒப்பந்தத்தில் இரண்டாம் வேலைக்குத் தடை ஏதும் உண்டா என்றும் படித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். சொந்தப் படிப்புக்குத் திரும்பும் வழி மூடிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டுச் சிலர் சமையலுக்கு வருகிறார்கள். முதலில் யூகே எனிக் மூலம் உங்கள் பட்டம் இங்கே எதற்கு ஈடு என்ற சான்றை வாங்குங்கள். இந்தியாவில் பயிற்சி பெற்ற கணித, அறிவியல், மொழி ஆசிரியர்கள் 2023 முதல் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது. பழைய தொழில் கிடைத்தால் சமையலறைக்கு நீங்கள் பங்குதாரராக இருந்தால் போதும், கரண்டி பிடிக்க வேண்டியதில்லை.

முதல் ஒத்திகை: மூட்டை வாங்கும் குழு

சமைப்பதற்கு முன் மூன்று மாதம் சேர்ந்து சாமான் வாங்கிப் பாருங்கள். 12 குடும்பங்கள், மாதம் ஒரு தடவை, மொத்த விலைக் கடையிலிருந்து 20 கிலோ அரிசி மூட்டை, 5 கிலோ பருப்புப் பை, எண்ணெய் டின். விதி மூன்றே மூன்று: காசு முன்கூட்டியே, லாபமில்லாமல் வாங்கிய விலையிலேயே பங்கீடு, மூட்டை பிரிக்காமலே கைமாறும். பிரித்துப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினால் அது உணவுத் தொழில், பதிவு வேண்டும்.

இதில் மிச்சமாகும் காசு பெரிதாக இருக்காது. ஆனால் யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் "அடுத்த வாரம் தருகிறேன்" என்கிறார், யார் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பின்னால் பொருளாளரைத் தேடும்போது ரசீது வைத்திருந்தவரைப் பாருங்கள். நன்றாகப் பேசியவரைத் தலைவராக்கிக்கொள்ளலாம், அதனால் கெடுதல் குறைவு.

பேர் வைக்காமல் தொடங்கினால் சட்டமே பேர் வைக்கும்

மூன்று பேர் சேர்ந்து இடியாப்பம் விற்று லாபத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள், தாள் ஒன்றும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஏற்கெனவே கூட்டாளிகள். 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் அவர்கள் மேல் தானாக வந்து உட்காரும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், யார் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் லாபம் சரிபங்கு. ஒருவர் தொழிலின் பேரில் வாங்கிய கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பு, சொந்த வீடு வரைக்கும். ஒருவர் விலகுவதாக அறிவித்தாலே கூட்டு கலைந்துவிடும். "நமக்குள்ள என்ன தாள்" என்கிறவர்கள் உண்மையில் கையெழுத்துப் போட்டிருப்பது இந்த 1890 தாளில்தான்.

எந்தச் சங்கம்?

சங்கக் கடை நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் சீனி வாங்கியவர்களுக்கும், சென்னையில் டி.யு.சி.எஸ். (திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்) பையைத் தூக்கியவர்களுக்கும் அது பழகிய இடம். அதன் மூத்த கிளை இங்கேதான் இருக்கிறது. 1844 டிசம்பரில் மான்செஸ்டர் பக்கம் ராச்டேல் ஊரில் தொழிலாளர்கள் 28 பவுண்டு முதல் திரட்டி, மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் வைத்து ஒரு கடையைத் திறந்தார்கள். திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். 1904இல் தொடங்கியது அந்த வழியைப் பார்த்துத்தான்.

இன்று இதற்கான சட்டம் 2014ஆம் ஆண்டின் கூட்டுறவு, சமூக நலச் சங்கங்கள் சட்டம். பதிவு செய்வது நிதி நடத்தை ஆணையம், அதாவது எஃப்.சி.ஏ. மூன்று உறுப்பினர்களும் ஒரு செயலாளரும் கையெழுத்திட்டால் விண்ணப்பிக்கலாம். இரண்டு வகை உண்டு.

கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்களுக்காக நடப்பது. சமைப்பவர்களே உறுப்பினர் என்றால் தொழிலாளர் கூட்டுறவு, வாங்குபவர்கள் உறுப்பினர் என்றால் நுகர்வோர் கூட்டுறவு. உபரியை உழைப்புக்கோ கொள்முதலுக்கோ ஏற்றபடி உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரலாம். சமூக நலச் சங்கம் ஊர் மொத்தத்துக்குமானது. உபரியை உறுப்பினர்களுக்குப் பங்கிட முடியாது, பங்குப் பணத்துக்கு அளவான வட்டி மட்டும் தரலாம். சொத்தை யாரும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாதபடி சட்டப்பூட்டும் போடலாம். கிராமத்துக் கடையையும் பப்பையும் ஊரே வாங்கி நடத்துகிற இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அவர்களுக்கு வழிகாட்டுவது பிளங்கெட் யூகே என்ற அமைப்பு. இரண்டு வகையிலும் 50 பவுண்டு போட்டவருக்கும் 5,000 போட்டவருக்கும் ஒரே ஓட்டு.

சி.ஐ.சி. எனப்படும் சமூக நலக் கம்பெனியைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனி ஹவுஸில் பதிவாவதால் தொடங்குவது சுலபம், வங்கிக்கும் புரியும். ஆனால் பங்கு விற்று ஊர்க் காசு திரட்ட அது தோதாக இராது. மானியத்தை நம்புகிற குழுவுக்கு சி.ஐ.சி., 100 குடும்பத்தின் காசை நம்புகிற குழுவுக்குச் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விதித் தொகுப்பை நீங்களே எழுத உட்காராதீர்கள். கோஆப்பரேட்டிவ்ஸ் யூகே, பிளங்கெட் போன்ற அமைப்புகளின் மாதிரி விதிகளை எடுத்தால் பதிவு விரைவாகும், செலவும் குறையும். ஒவ்வொரு திருத்தமும் நேரத்தையும் காசையும் தின்னும். திருத்தத்தை விட்டுவிட்டு, விதிக்குக் கீழே ஒரு உள்ளக நடைமுறைத் தாள் எழுதிக்கொள்ளுங்கள். அதில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: புதிதாகச் சேருகிறவருக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம், ஒரே வீட்டிலிருந்து நிர்வாகக் குழுவில் ஒருவர்தான், 100 பவுண்டுக்கு மேல் எந்தச் செலவுக்கும் இரண்டு கையெழுத்து, விலகுகிறவர் சமையல் குறிப்பையும் வாடிக்கையாளர் பட்டியலையும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது. கடைசி வரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். கசப்போடு பிரிந்த குழுக்கள் பலவற்றில் சண்டை அந்த வாட்ஸ்அப் பட்டியலுக்காகத்தான் நடந்தது.

பங்குப் பணம் வேறு, சீட்டுப் பணம் வேறு

நம் ஆட்களுக்கு முதல் திரட்டக் கைவந்த வழி சீட்டு. சீட்டை எடுத்துச் சமையலறையில் போட்டால், அடுத்த மாதமே தவணை கட்ட வேண்டும். அடுப்போ முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றும் தராது. இடையில் ஒருவர் கட்டாமல் விட்டால் தொழிலும் உறவும் சேர்ந்தே கிழியும்.

சங்கத்தின் பங்கு வேறு மாதிரி. ஒரு பவுண்டு பங்கு என்றைக்கும் ஒரு பவுண்டுதான், விலை ஏறாது. வெளியே விற்க முடியாது, சங்கத்திடமே திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கலாம். அதுவும் சங்கத்திடம் பணம் இருந்தால், நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டால். முதல் மூன்று ஆண்டு திரும்ப எடுக்க முடியாது என்று அறிவித்துவிடுவது வழக்கம். தனியாள் ஒருவர் ஒரு சங்கத்தில் வைத்திருக்கக் கூடிய இத்தகைய பங்கின் உச்சவரம்பு 1,00,000 பவுண்டு. நட்டமானால் போட்ட காசு போகும், வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது. இதைப் பங்கு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் போடுங்கள். "வட்டி வரும், பயப்படாதீங்க" என்று வாயால் சொல்லி வாங்கிய காசுதான் பின்னால் கோயில் வாசலில் வழக்காக வரும்.

எடுத்துக்காட்டாக, பாத்திரம், குளிர்பெட்டி, முன்பணம், மூன்று மாத ஓட்டத்துக்கு 18,000 பவுண்டு தேவை என்றால், 120 குடும்பம் ஆளுக்கு 150 பவுண்டு போட்டால் ஆயிற்று. குறைந்தபட்ச இலக்கு ஒன்றை, ஒரு 12,000 என்று, அறிவியுங்கள். முடிவு நாளுக்குள் அது வராவிட்டால் எல்லோருக்கும் முழுப் பணமும் திரும்பும். அதுவரை பணம் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், அதிலிருந்து ஒரு கரண்டி கூட வாங்கக் கூடாது.

அடுப்பு மூட்டும் முன்

திறப்பதற்குக் குறைந்தது 28 நாள் முன்பு, சமையலறை இருக்கும் இடத்தின் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய வேண்டும். இலவசம், மறுக்க மாட்டார்கள். வீட்டுச் சமையலறைக்கும் இதே விதி. தொடக்கத்தில் கோயில் அல்லது தேவாலய மண்டபத்துச் சமையலறையை மணிக் கணக்கில் எடுப்பது நல்லது. ஆனால் அவர்களுடைய பதிவு உங்களுக்குப் போதாது, உங்கள் பெயரில் தனியாகப் பதிய வேண்டும். பிறகு அதிகாரி சொல்லாமல் வருவார், 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். உணவுத் தர முகமையின் "சேஃபர் ஃபுட், பெட்டர் பிசினஸ்" கோப்பை இறக்கி, தினக் குறிப்பை எழுதி வையுங்கள். சமையலறை பளிச்சென்று இருந்தும் குறிப்பேடு வெறுமையாக இருந்தால் மதிப்பெண் இறங்கும்.

நம் சமையலில் அதிகாரிகள் குறிவைத்துக் கேட்பது சோறு. வெந்த சோற்றில் உயிரோடு தப்பிக்கும் நுண்ணுயிர் வித்துகள் வெதுவெதுப்பில் முளைத்து விஷம் கக்கும், அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் சாகாது. ஆகவே சோறு ஒன்று 63 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் போக வேண்டும். 20 லிட்டர் அண்டா சாம்பாரை மூடிவைத்து "தானா ஆறட்டும்" என்று விடுவதும் இதே தப்புத்தான். நடுவில் பல மணி நேரம் சூடு நிற்கும். 3 லிட்டர் பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். தோசை மாவுக்குத் தனித் தாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு அரைத்தது, எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் புளித்தது, எப்போது குளிர்பெட்டிக்குப் போனது. புளிக்கவைப்பது என்றால் என்னவென்று தெரியாத அதிகாரிக்கு அந்தத் தாள் பேசும்.

ஒவ்வாமைப் பட்டியல் அடுத்தது. சட்டம் 14 பொருள்களைச் சொல்கிறது. அவற்றில் கடுகும் எள்ளும் உண்டு, அதாவது தாளித்த எல்லாமே கணக்கில் வரும். தேங்காய் அந்த 14இல் இல்லை. ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். அரிசி, எலுமிச்சை, மஞ்சள் என்று பார்க்க அப்பாவியாக இருக்கும். தாளித்தது நல்லெண்ணெய், அது எள். கடுகு தனியாக ஒன்று. வேர்க்கடலை ஒன்று. பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், ஆக குளூட்டனும் சேர்ந்தது. "கோதுமையே இல்லை, சாதம்தானே" என்று சொல்லிக் கொடுத்தால் ஒருவர் மருத்துவமனைக்குப் போகலாம். சம்பலில் மாசிக் கருவாடு மீன் கணக்கு. கேசரியில் நெய் பால், ரவை கோதுமை, முந்திரி கொட்டை வகை, பொன்னிற கிஸ்மிஸில் பெரும்பாலும் சல்ஃபைட்.

வாங்குபவர் வரும் முன்பே பொதிந்து அதே இடத்தில் விற்றால், 2021 அக்டோபர் முதல் உணவின் பெயரும் முழுப் பொருள் பட்டியலும் ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டு, ஒவ்வாமைப் பொருள்கள் தடித்த எழுத்து போன்ற முறையில் தனித்துத் தெரிய வேண்டும். ஃபோனிலோ வாட்ஸ்அப்பிலோ ஆர்டர் எடுத்தால், ஆர்டர் முடிவதற்கு முன் ஒரு தடவையும் கையில் கொடுக்கும்போது இன்னொரு தடவையும் ஒவ்வாமைத் தகவல் தரவேண்டும். உணவுத் தர முகமை இதற்கு இலவச இணையப் பயிற்சி வைத்திருக்கிறது. கரண்டி பிடிக்கும் எல்லோரும் முடித்திருக்கட்டும்.

80 பொட்டலத்தின் கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை 80 சாப்பாடு, ஒன்று 8 பவுண்டு. வரவு 640. செலவை இப்படி வைத்துப் பார்க்கலாம்:

சாமான், ஒன்றுக்கு 2.40 வீதம்: 192
டப்பா, ஒட்டுத்தாள், ஒன்றுக்கு 35 பென்ஸ்: 28
சமையலறை வாடகை, 6 மணி நேரம், மணிக்கு 20: 120
மூன்று பேர், 6 மணி நேரம் வீதம், 18 மணி நேரக் கூலி: 256.32
பெட்ரோல்: 25
காப்பீடு முதலியவற்றின் வாரப் பங்கு: 15

மொத்தம் 636.32. மிச்சம் மூன்று பவுண்டு 68 பென்ஸ். அன்றைக்கு ஒரு பொட்டலம் விற்காவிட்டாலே நட்டம்.

கூலிக்கு எடுத்த கணக்கு மணிக்கு 14.24. 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 12.71. ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்பதால் அதன் மேல் 12.07 விழுக்காடு சேர்கிறது. இந்த 256 பவுண்டைக் கணக்கில் எழுதாத குழுக்கள்தான் "வாரம் 260 லாபம்" என்று குதிப்பவை. நான்கு மாதம் கழித்து ஒருவருக்கு முதுகு வலிக்கும், இன்னொருவர் வீட்டில் சண்டை வரும், கூலி கொடுத்து ஆள் வைக்கலாம் என்று பார்க்கும்போது லாபம் இருந்ததே இல்லை என்று தெரியும்.

அளவைக் கூட்டினால் கதை மாறும். 120 சாப்பாட்டுக்கு ஏழு மணி நேரம் போதும் என்றால் வரவு 960. சாமான் 288, டப்பா 42, வாடகை 140, கூலி 299.04, பெட்ரோல் 30, மற்றது 15 என்று 814.04 போக 145.96 மிஞ்சும். ஆக உங்கள் இலக்கு விலையை ஏற்றுவதைவிட, அதே ஏழு மணி நேரத்துக்குள் கூடுதல் பொட்டலத்தை முடிப்பது. அதற்கு ஒரே மெனு. மூன்று வகைச் சாதம், இரண்டு பிரியாணி, கேட்டவருக்குக் கொத்து ரொட்டி என்று அகலக்கால் வைத்தால் ஏழு மணி நேரம் பத்தாகும். முன்பதிவும் முன்பணமும் இல்லாமல் ஒரு பொட்டலம்கூடச் சமைக்காதீர்கள்.

12 மாத வரவு 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு கட்டாயம். சூடாக விற்கும் உணவுக்கு 20 விழுக்காடு. வாரம் 1,730 பவுண்டு விற்பனைக்கு வந்துவிட்டால் அந்த எல்லையில் நிற்கிறீர்கள் என்று பொருள். தாண்டுவதற்கு முன்பே விலைப் பட்டியலைத் திருத்துங்கள்.

தொண்டு என்ற சொல்லில் கவனம்

உறுப்பினர் அவ்வப்போது வந்து காய் நறுக்கித் தந்தால் அது உதவி. ஆனால் வாரா வாரம் இந்த நேரத்துக்கு வரவேண்டும் என்று அட்டவணை போட்டு, கைச்செலவுக்கு 20 பவுண்டு நீட்டினால், அது கூலி வேலை என்று தீர்ப்பாயம் சொல்ல வாய்ப்புண்டு. அப்போது குறைந்தபட்சக் கூலி பாக்கி முழுவதும் சங்கத்தின் தலையில். பேருந்துக் காசு, பெட்ரோல் காசு என்றால் ரசீதுக்கு ஏற்ப உள்ளதை மட்டும் கொடுங்கள். கூலிக்கு ஒருவர் வந்துவிட்டாலே முதலாளி பொறுப்புக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு. இல்லாமல் நடத்தினால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம்.

வங்கி, பேரேடு

சங்கத்துக்கு வங்கிக் கணக்கு திறக்க எட்டு வாரம் ஒதுக்குங்கள். பல வங்கிகளின் இணைய விண்ணப்பம் கம்பெனி ஹவுஸ் எண்ணைக் கேட்கும், உங்களிடம் இருப்பதோ எஃப்.சி.ஏ. எண். சங்கங்களைப் பழகிய வங்கியாக, யூனிட்டி டிரஸ்ட் போல, தேடிப் போவது நேர மிச்சம். அதற்குள் அவசரப்பட்டு ஒருவருடைய சொந்தக் கணக்கில் விற்பனைக் காசை வாங்காதீர்கள். அந்தப் பணம் அவருடைய வருமானமாகத் தெரியும், வரி அலுவலகம் அவரைத்தான் கேட்கும்.

மாதாந்தரக் கூட்டத்தில் ஒரே ஒரு தாள் சுற்றட்டும்: விற்ற பொட்டலம், வீணான பொட்டலம், கூலி பெற்ற மணி நேரம், கூலி பெறாத மணி நேரம், வங்கி இருப்பு. நான்காவது எண்ணை யாரும் எழுத விரும்ப மாட்டார்கள், அதனாலேயே எழுத வேண்டும். நிதியாண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள் ஏ.ஆர்.30 என்ற ஆண்டறிக்கை எஃப்.சி.ஏ.வுக்குப் போக வேண்டும். சங்கத்தின் கார்ப்பரேஷன் வரிக் கணக்கு தனியே வரி அலுவலகமான எச்.எம்.ஆர்.சி.க்கு. இரண்டுக்கும் ஒரே தாள்தான் அடிப்படை.

வேலையில் இரண்டாவது நாளை எப்போது குறைப்பது? கூலி பெறாத மணி நேரம் தொடர்ந்து மூன்று மாதம் பூச்சியமாகி, உங்கள் கூலியையும் எழுதிய பிறகு உபரி நிற்கிறது என்றால் அப்போது கேளுங்கள். 12 மாதம் கடந்தும் அந்த எண் இறங்கவில்லை என்றால், விலையும் மெனுவும் இடமும் ஒவ்வொன்றாக மாற்றி இன்னும் மூன்று மாதம். அதற்குள்ளும் ஆகாவிட்டால், பங்குப் பணத்தில் மிச்சம் இருக்கும்போதே பொதுக்குழுவைக் கூட்டிச் சங்கத்தை மூடி, குளிர்பெட்டியை விற்று, விதியில் சொன்ன வரிசைப்படி காசைத் திருப்பிக் கொடுங்கள். நான்கு நாள் சம்பளம் அதுவரை வந்துகொண்டிருக்கும்.